சென்னையின் எஃப்சி இந்தக் கோடையில் எடுத்த ஆட்கள்: எனக்கு நம்பிக்கை இருக்கிறது, உங்களுக்கு?

மாசிவீதி_ஜெர்சி
4 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஜெர்சி அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். 2014இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் நம் சென்னையின் எஃப்சி அணி தொடங்கிய நாளிலிருந்து பார்த்து வருகிறேன். இரண்டு கோப்பை வென்றதையும் பார்த்தேன், அதற்கப்புறம் வருடக்கணக்காக ஒன்றுமில்லாமல் போனதையும் பார்த்தேன்.

கேள்விக்கு வருமுன் ஏப்ரல் 20ஆம் தேதி ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். கோவாவோடு நாக் அவுட் ஆட்டம். இங்கே சித்திரைத் திருவிழா, மறுநாள் மீனாட்சி கல்யாணம். வீதியெல்லாம் ஜனம், மேளச்சத்தம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிக்கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குள் கோவா இரண்டு அடித்துவிட்டது. நாம் சிர்கோவிச் மூலம் ஒன்று திருப்பினோம். அப்புறம் 45 நிமிடம் முட்டி முட்டிப் பார்த்தும் இரண்டாவது வரவில்லை. நான்கு வருடம் கழித்து ப்ளே ஆஃப் போய், 2-1 என்று முதல் ஆட்டத்திலேயே வெளியே. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் ஊரே சந்தோஷத்தில் இருக்கிறது. எனக்கு மட்டும் தொண்டையை அடைத்தது.

அன்றைக்கு நமக்குக் குறைந்தது ஒரே விஷயம், கோலுக்கு முன்னால் பந்து வந்தால் முடித்து வைக்கிற ஆள். அதனால்தான் இந்தக் கோடையில் ஒவ்வொரு பெயராக அறிவிக்க அறிவிக்க என் மனசு நிமிர்ந்துகொண்டே வந்தது. பஞ்சாபிலிருந்து வில்மர் ஜோர்டான் கில். ஜாம்ஷெட்பூரிலிருந்து டேனியல் சீமா சுக்வு. இரண்டு பேரும் பாக்ஸுக்குள் நின்றால் டிஃபெண்டருக்கு முதுகு வலிக்கும் உடம்பு. பின்னால் எல்சின்ஹோ, லால்டின்லியானா, லால்டின்புயா, மூன்று பேரும் ஜாம்ஷெட்பூர்தான். இடது பக்கம் மந்தார் ராவ் தேசாய். நடுவில் பிரேசில்காரர் லூகாஸ் பிரம்பில்லா. மோகன் பகானிலிருந்து கியான் நாசிரி.

எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் பெயர்களின் பளபளப்பு கிடையாது. ஆட்கள் எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பக்கம் திருவிழாவுக்கு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) நடத்துவார்கள், எல்லா டீமும் வெளியூரிலிருந்து கெஸ்ட் ஆட்களை இறக்கும். ஒரு வருடம் மானாமதுரைப் பக்கம் ஒரு போட்டிக்கு நாங்கள் மூன்று ஊரிலிருந்து மூன்று பிரமாதமான கெஸ்ட் கொண்டுவந்தோம். பஸ் காசு, சாப்பாடு, கைக்காசு என்று நல்ல செலவு. முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தோம். ஒருவன் ஓடும் இடத்துக்கு இன்னொருவன் பந்து போடவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் திண்டுக்கல்லில் ஒரே டீமில் ஆடுகிற மூன்று பையன்களை அழைத்தோம். தனித்தனியாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் பந்து காலுக்கு வருமுன்பே மற்றவன் எங்கே இருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். அரையிறுதி வரை போனோம்.

நம் கோச் ஓவன் கோயல் செய்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். 2021-22இல் அவர் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு (லீக் சுற்றில் முதலிடம் வரும் அணிக்குத் தருவது) வாங்கிக் கொடுத்தார், 20 ஆட்டத்தில் 43 புள்ளி. அந்த அணியில் சீமா இருந்தார், லால்டின்லியானா இருந்தார். அந்த சீசனில் ஈஸ்ட் பெங்காலில் தடுமாறிக்கொண்டிருந்த சீமாவை ஜனவரியில் கூட்டிவந்து, கோல் மேல் கோல் அடிக்க வைத்ததே கோயல்தான். லால்டின்லியானா நம்மிடம் முன்பே ஆடியவர், 2019-20இல் கோயல் நம்மை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனபோது அந்த அணியிலும் இருந்தார். இப்படிக் கோச்சைத் தெரிந்த ஆள், ஒருவரையொருவர் தெரிந்த ஆள் என்று சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்து வந்தவர்கள்.

இன்னொன்று. பத்து வருடமாகக் கடையில் மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மார் என்றுதான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் வில்லாபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். எட்டாவது படிக்கிறான். நீலச் சட்டை எடுத்து, முதுகில் ‘கியான்’ என்று தமிழில் வேண்டும் என்றான். தமிழ் எழுத்து வினைலில் வெட்டுவது லேசில்லை. வெட்டி முடித்ததும் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுக்க வேண்டும், ‘ன்’ மேலுள்ள புள்ளி அதோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது தடவை புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்து வெட்டி, 150 டிகிரியில் பதினைந்து விநாடி அழுத்தி, ஆறவிட்டு மெதுவாகத் தாளை உரித்தேன். புள்ளி நின்றது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். நம் அணி வீரர் பெயரை என் கடையில் ஒருவன் கேட்டு வாங்கியது அதுதான் முதல் முறை.

சரி, கேள்வி இதுதான். இப்போது நம்மிடம் வெளிநாட்டு வீரர்கள் ஆறு பேர்: எட்வர்ட்ஸ், எல்சின்ஹோ, பிரம்பில்லா, ஷீல்ட்ஸ், சீமா, ஜோர்டான். மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான். நீங்கள் கோச் என்றால் எந்த நால்வர்? இந்த அணி முதல் ஆறுக்குள் வந்து ப்ளே ஆஃப் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்_ரைட்பேக்
4 ஆகஸ்ட் 2024

தம்பி, கெஸ்ட் ஆட்டக்காரர் கதை நூற்றுக்கு நூறு உண்மை. முப்பது வருடம் ரைட் பேக் ஆடியவன் சொல்கிறேன். என் முன்னால் ஆடும் விங்கர் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு சீசன் ஆகும்.

ஆனால் என் கவலையையும் கேளுங்கள். சீமாவுக்கு 33, ஜோர்டானுக்கும் 33. நேரு ஸ்டேடியத்தில் செப்டம்பர், அக்டோபர் புழுக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கே சட்டை பிழிய வேண்டியிருக்கும். அதில் 90 நிமிடம் இரண்டு பேரும் ஓட முடியாது. ஒருவர் தொடங்கி, 60ஆவது நிமிடத்தில் மற்றவர் வர வேண்டும். இருவரையும் சேர்த்து இறக்கினால் பின்னால் இருந்து ஒரு வெளிநாட்டுக்காரரை எடுக்க வேண்டிவரும், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது, அவர்களுக்குப் பந்து யார் தருவது? போனவர்களையும் எண்ணிப் பாருங்கள். சங்வான் கோவாவுக்குப் போய்விட்டார், இடது காலில் அவர் போடும் கிராஸ் நமக்குப் பாதி ஆயுதம். கிரிவெல்லாரோ இல்லை, ஃப்ரீ கிக்குக்கு அவர் நின்றாலே எதிரணி நடுங்கும். ரஹீம் அலி ஒடிசாவில். நமக்காக வளர்ந்த பையன், அவன் போனது எனக்கு மனசுக்குக் கஷ்டம். மந்தார் அனுபவசாலி, ஐஎஸ்எல்லில் நூறு ஆட்டத்துக்கு மேல் பார்த்தவர். சங்வான் மாதிரி மேலும் கீழும் ஓடி வருவாரா என்று பார்க்க வேண்டும்.

என் நால்வர்: எட்வர்ட்ஸ், பிரம்பில்லா, ஷீல்ட்ஸ், ஜோர்டான். போன சீசனில் பஞ்சாபுக்கு ஜோர்டான் ஆடியதைப் பார்த்தேன். கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, ஒரே தொடுதலில் திரும்புவார். எங்கள் காலத்தில் அதை ‘இடுப்பில் பூட்டு’ என்போம்.

வைகைக்கரை_மாணவி
5 ஆகஸ்ட் 2024

அண்ணா, நான் போன வருடத்திலிருந்துதான் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். ஒப்பந்தம் முடிந்து வந்தவர், ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்களே, அப்படியென்றால் காசே கொடுக்காமல் எடுத்துவிட்டார்களா? அப்படி இலவசமாகக் கிடைக்கிறவர்கள் நல்ல ஆட்டக்காரர்களாக எப்படி இருப்பார்கள்? பழைய கிளப் ஏன் விடுகிறது?

நால்வர் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஷீல்ட்ஸ் மட்டும் கட்டாயம் வேண்டும். தோற்கும்போதுகூட ஓடிக்கொண்டே இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மாசிவீதி_ஜெர்சி
5 ஆகஸ்ட் 2024

ஷீல்ட்ஸ் விஷயத்தில் கைகொடுங்கள் தங்கச்சி.

காசு உண்டு. வீரருக்குச் சம்பளம் உண்டு, ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. பழைய கிளப்புக்குத் தரும் மாற்றுத்தொகை மட்டும் கிடையாது. வாடகை வீட்டு ஒப்பந்தம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்துவிட்டால் நீங்கள் வேறு வீடு போகலாம், பழைய வீட்டுக்காரர் தடுக்க முடியாது. காலம் முடியுமுன் உங்களைக் கிளப்ப நினைக்கிறவர்தான் அவருக்குப் பணம் தர வேண்டும்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மான் என்று ஒரு வீரர். 1990இல் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது, பிரான்சில் டன்கிர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கும் லியேஜ் பணம் கேட்டது, அவர் போக முடியவில்லை. மனுஷன் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்த ஐந்து வருடத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கையே போய்விட்டது. இன்றைக்கு ஒரு வீரர் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம் என்றால் அந்த ஒருவரின் பிடிவாதத்துக்கு அதில் பங்கு உண்டு. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

நல்ல ஆளை ஏன் விடுகிறார்கள் என்று கேட்டீர்கள். பல நேரம் விடுவதில்லை, ஆள்தான் போகிறார். புதுக் கோச் வருவார், ஆட்டமுறை மாறும், பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கியானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் கொல்கத்தா டெர்பி, அதாவது ஒரே ஊர்க்காரர்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டம். மோகன் பகான் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக உள்ளே வருகிறார், வயசு 21. வந்த மூன்று நிமிடத்தில் ஒன்று. கடைசியில் கூடுதல் நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு. ஹாட்ரிக், ஆட்டம் 3-1. அவர் அப்பா ஜம்ஷித் நாசிரி ஈரானிலிருந்து வந்து ஈஸ்ட் பெங்காலில் கொடிகட்டிப் பறந்தவர், மகன் அதே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக இதைச் செய்தார். அப்படிப்பட்டவருக்கு அதற்கப்புறமும் பகானில் நிலையான இடம் கிடைக்கவில்லை. முன்னால் பெரிய பெரிய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இங்கே வந்தால் ஆடலாம் என்று வருகிறார். ஆடுவதற்காக வருகிற 23 வயசுப் பையனைவிட நல்ல வரவு எது?

திண்டுக்கல் அண்ணே, நீங்கள் சொன்ன 60ஆவது நிமிடக் கணக்கு சரி, அதை எடுத்துக்கொள்கிறேன். களைத்துப்போன டிஃபென்ஸுக்கு எதிரே புதிதாக ஒரு சீமா வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். போன வருடம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் நமக்கு அப்படி ஒரு ஆள் இருந்தாரா?

காரைக்குடி_நீலம்
7 ஆகஸ்ட் 2024

உங்கள் சந்தோஷத்தில் குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் நம் ஊர்ப் பையன் எங்கே? எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் கண்டனூர். சிவசக்தி நாராயணன் அந்த ஊர்ப் பையன். ராமன் விஜயன் பயிற்சிப் பள்ளியில் கற்றவன். இன்றைக்கு பெங்களூருவுக்கு ஆடுகிறான். 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அடித்தவன் அவன். நந்தகுமார் சென்னைப் பையன், நம்மிடமே இருந்தவன். போன வருடம் ஒடிசாவை விட்டு ஈஸ்ட் பெங்கால் போனான். போன ஆகஸ்டில் டூரண்டில் மோகன் பகானுக்கு எதிராக 1-0 என்று அவன் அடித்த கோலில், வருடக்கணக்காக டெர்பி ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால்காரர்கள் அழுதார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு வேறு காரணத்துக்காக அழுதேன்.

ஒப்பந்தம் முடிந்த ஆட்களைத் தேடி ஜாம்ஷெட்பூர் வரை போகிறவர்கள் நம் பையன் சுதந்திரமாக இருக்கும் நேரத்தில் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? வெளியூர் ஆட்களை நான் வெறுக்கவில்லை. நீலச் சட்டை போட்டவன் எவனும் என் ஆள்தான். ஆனால் எங்கள் தெருவில் பந்து உதைக்கிற பிள்ளைகள் அந்தச் சட்டைக்குள் தங்கள் பேச்சைப் பேசுகிற ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும்.

மாசிவீதி_ஜெர்சி
7 ஆகஸ்ட் 2024

இதற்கு எதிர்ப்பேச்சு என்னிடம் இல்லை அண்ணே. நீங்கள் சொல்வது சரி. நந்தகுமார் விஷயம் எனக்கும் ஆறாத புண்தான். சிவசக்தி ஒரு நாள் நம் சட்டையில் வந்தால் கடையில் அன்றைக்கு அவர் பெயரை எல்லோருக்கும் காசு வாங்காமல் அடித்துக் கொடுப்பேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஜெயிக்கிற அணிக்குத்தான் நம் பையன்கள் திரும்பி வர ஆசைப்படுவார்கள். மூன்று நான்கு வருடமாக நாம் அடிவரிசையில் தடுமாறிக்கொண்டிருந்தால் எந்த ஏஜென்ட் நம் போனை எடுப்பான்? இந்த வருடம் அணி மேலே வந்தால் அடுத்த கோடையில் அந்தப் பேச்சு எளிதாகும்.

என் பதினொன்று: கோலில் சமிக் மித்ரா. பின்னால் வலமிருந்து லால்டின்லியானா, எட்வர்ட்ஸ், லால்டின்புயா, மந்தார். நடுவில் ஜிதேஷ்வர், பிரம்பில்லா. வலது பக்கம் ஷீல்ட்ஸ், இடது பக்கம் ஃபாரூக், ஜோர்டானுக்குப் பின்னால் கியான். 60ஆவது நிமிடம் சீமா. முன்னிலையில் இருந்தால் 75ஆவது நிமிடம் பிரம்பில்லாவை எடுத்துவிட்டு எல்சின்ஹோ, அவர் சென்டர் பேக்கும் ஆடுவார், அதற்கு முன்னால் நின்று நடுக்களத்தையும் அடைப்பார். இதில் எங்கேயும் நான்கு தாண்டவில்லை, எண்ணிப் பாருங்கள்.

திண்டுக்கல்_ரைட்பேக்
8 ஆகஸ்ட் 2024

எண்ணிப் பார்த்தேன், சரிதான். கியானை ஜோர்டானுக்குப் பின்னால் வைத்தது எனக்குத் தோன்றவில்லை, நல்ல யோசனை. தற்காப்பில் அவர் கீழே இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் ஜிதேஷ்வர் ஒருவனே எத்தனை பேரைத் துரத்துவான். ஆறாவது இடம் என்று நானும் எழுதிக்கொள்கிறேன். காரைக்குடித் தம்பியின் ஆதங்கம் எனக்கும் உண்டு.

மாசிவீதி_ஜெர்சி
15 செப்டம்பர் 2024

நேற்று பார்த்தீர்களா! புவனேஸ்வரில் போய் ஒடிசாவை 3-2 என்று அடித்திருக்கிறோம். முதல் ஆட்டமே வெளியூரில்.

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் ஆள் நிறைய. வில்லாபுரத்துப் பையனும் அந்தச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். ஆரம்பத்திலேயே ஒடிசாவின் பூமூஸ் பெனால்டியில் அடித்துவிட்டார், ஏப்ரல் ராத்திரி மாதிரியே ஆகிவிடுமோ என்று வயிற்றைக் கலக்கியது. இடைவேளை முடிந்து வந்ததும் ஃபாரூக் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு அடித்தார். பிரஸ்ஸில் ஒரு சட்டையை வைத்திருந்தவன் மறந்தே போனேன், துணி பொசுங்கிவிட்டது, போகட்டும். அப்புறம் 69ஆவது நிமிடம் சீமா. நமக்காக அவர் ஆடிய முதல் ஐஎஸ்எல் ஆட்டத்திலேயே கோல். ராய் கிருஷ்ணா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியபோது கடையில் எவரும் பேசவில்லை. விசில் ஊதினதும் அந்தப் பையன் என் தோளைப் பிடித்துத் தொங்கினான்.

திண்டுக்கல் அண்ணே, பின்வரிசையில் ஓட்டை இருக்கிறது, நானும் பார்த்தேன். அதை நிதானமாகப் பேசுவோம். வெளியூரில் போய், பின்தங்கி, திரும்பி வந்து மூன்று அடித்த அணி நம்முடையது. அதை இன்னும் இரண்டு நாள் அனுபவிக்க விடுங்கள்.

26ஆம் தேதி வியாழக்கிழமை நேரு ஸ்டேடியத்தில் கொல்கத்தா அணி முகமதன்ஸோடு ஆட்டம். நான் காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், மத்தியானம் எழும்பூரில் இறங்கி ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும். திரும்ப பாண்டியனைப் பிடிக்க நேரம் போதாது, ஏழரை மணி ஆட்டம். கிளாம்பாக்கம் போய் பஸ்தான். பையனுக்குக் காலாண்டுப் பரீட்சை, வீட்டில் விட மாட்டார்கள். சட்டையை மட்டும் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டில் தொங்கவிட்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்கிறான். மதுரை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் யாராவது வருகிறீர்களா? வந்தால் இங்கேயே சொல்லுங்கள், டிக்கெட்டைச் சேர்த்து எடுத்துவிடலாம்.

காரைக்குடி_நீலம்
15 செப்டம்பர் 2024

இரண்டு டிக்கெட் எனக்கு. என் மகளும் வருகிறாள். அவளுக்கு ஒரு சட்டை வேண்டும், சின்ன சைஸ். பெயர் சீமா என்று போட்டுவிடுங்கள்.